தாமாக வந்து அமரும் வட்டம்

சிறைவாசிகளுக்காகவும் விடுதலையாகி ஊர் திரும்புபவர்களுக்காகவும் தன்னார்வலர்கள் நடத்தும் வன்முறை தவிர்ப்புப் பயிலரங்குகளில் சில ஆண்டுகளாகப் பங்கெடுத்து வருகிறேன். இதைக் கேள்விப்படுபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். உள்ளே போகப் பயமாக இல்லையா என்பது ஒன்று. அதற்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். அவர்கள் உண்மையிலேயே மாறுகிறார்களா என்பது மற்றொன்று. அதற்கு விடை தேடப் போனால், அதற்கும் முன்பாக வேறொன்றைப் பேச வேண்டியிருக்கிறது. பங்கேற்பவரும் சரி, நடத்துபவரும் சரி, பிறர் அனுப்பி வந்தவராக இருக்கக் கூடாது என்று இந்தப் பயிலரங்குகளில் ஒரு விதி உண்டு. பலர் அதை ஒரு நிர்வாக ஏற்பாடாக, ஊதியம் கொடுக்க வழியில்லாத அமைப்புகளின் இயலாமையாகக்கூடப் பார்க்கிறார்கள். இம்முயற்சியின் உயிர்நிலையே அந்த விதியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இவ்வகைப் பயிலரங்குகளில் பல நாடுகளுக்கும் பரவியிருப்பது, ஏ.வி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ‘வன்முறைக்கு மாற்றுவழிகள் திட்டம்’. அதன் தொடக்கக் கதையை அறிந்தால், அந்த விதி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். நியூயார்க் மாநிலத்தின் அட்டிக்கா சிறையில் 1971 செப்டம்பர் 9 அன்று சிறைவாசிகள் கிளர்ந்தெழுந்து, காவலர்களையும் ஊழியர்களையும் பிணையாகப் பிடித்துவைத்தனர். ஐந்தாம் நாள் மாநிலக் காவல்துறை துப்பாக்கிகளுடன் உள்ளே புகுந்து சிறையை மீட்டபோது, பிணையாக இருந்தவர்களில் 10 பேரும் சிறைவாசிகளில் 29 பேரும் குண்டடிபட்டு மாண்டனர். கிளர்ச்சியின் முந்தைய நாட்களில் இறந்தவர்களையும் சேர்த்தால் மொத்த உயிரிழப்பு 43. அதே மாநிலத்தின் கிரீன் ஹேவன் சிறையில், நான்கு ஆண்டுகள் கழித்து, சிறைவாசிகளின் குழு ஒன்று வேறொரு கவலையோடு கூடியது. தாங்கள் வந்த அதே பாதையில் வந்துகொண்டிருக்கும் இளைஞர்களிடம் பேசி அவர்களைத் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். சொல்வதற்கு அவர்களிடம் வாழ்க்கை நிறைய இருந்தது. அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை. போரையும் வன்முறையையும் மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் அப்பகுதியில் இருந்தனர்; அவர்களிடம் உதவி கேட்டார்கள். போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் அமைதி காக்கும் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்த பழக்கம் அந்தக் குவேக்கர்களுக்கு இருந்தது. வழக்கறிஞரான லாரன்ஸ் ஆப்சியும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து 1975-இல் முதல் பயிலரங்கை நடத்தினர்.

இந்த வரலாற்றில் என்னை எப்போதும் நிறுத்திவைப்பது, வேண்டுகோள் எங்கிருந்து எழுந்தது என்பதுதான். சிறைத்துறை திட்டம் தீட்டவில்லை. நல்லெண்ணம் கொண்ட வெளியார் எவரும் இவர்களைத் திருத்துவோம் என்று புறப்பட்டு வரவில்லை. உள்ளே இருந்தவர்கள், இன்னும் உள்ளே வராதவர்களுக்காகக் கேட்டார்கள். பின்னாளில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கென்யா, ருவாண்டா என்று இம்முறை பரவியபோதும், மதச் சார்பு எதுவும் இல்லாத அமைப்பாக வளர்ந்தபோதும், தேவை உள்ளவரே கேட்டு வர வேண்டும் என்ற அந்த முதல் ஏற்பாடு மாறவில்லை.

அடிப்படை, மேல்நிலை, வழிநடத்துநர் பயிற்சி என்று மூன்று படிகள் இதில் உண்டு. ஒவ்வொரு படியும் ஏறத்தாழ இருபது மணி நேரம். வழக்கமாகத் தொடர்ச்சியான மூன்று நாட்களில் முடிக்கப்படும். நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். வழிநடத்துநர்கள் பல இடங்களில் பிரிந்து அமர்வார்கள். தனியொருவர் ஒருபோதும் நடத்துவதில்லை. முதல் வேலையாக, ஒவ்வொருவரும் தம் பெயருக்கு முன் அதே எழுத்தில் தொடங்கும் நல்ல அடைமொழி ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கனிவான கண்ணன், துணிந்த துரை என்பதுபோல. மூன்று நாட்களும் அந்தப் பெயராலேயே அழைக்கப்படுவார்கள். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் எண்ணாலும் குற்றப்பிரிவாலும் அறியப்பட்ட ஒருவர், தன்னைப் பற்றி நல்லதாக ஒரே ஒரு சொல்லைத் தேட எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்த பிறகு, அதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்து, எல்லோரும் சேர்ந்து சில உடன்பாடுகளுக்கு வருவார்கள். பிறரையோ தன்னையோ மட்டம்தட்டிப் பேசுவதில்லை, குறுக்கே பேசுவதில்லை, இங்கு கேட்டதை வெளியே கொண்டுபோவதில்லை என்பவை எவருக்கும் எளிதில் புரியக்கூடியவை. நான் விரிவாகச் சொல்ல விரும்புபவை வேறு இரண்டு. ஒவ்வொருவரும் தன்னை மட்டுமே முன்வைக்கலாம், இன்னொருவரை ‘நீ சொல்’, ‘நீ செய்’ என்று தள்ளிவிடக் கூடாது என்பது ஒன்று. முறை தன்னிடம் வரும்போது பேச விருப்பமில்லையெனில் ‘பாஸ்’ என்று சொல்லி அடுத்தவருக்கு விட்டுவிடலாம், காரணம் கேட்கப்படாது என்பது மற்றொன்று.

வெளியில் வாழ்பவருக்கு இது சாதாரண நாகரிகம். எழும் நேரம், உண்ணும் நேரம், விளக்கணையும் நேரம் வரை பிறரே தீர்மானிக்கும் இடத்தில் பல ஆண்டுகள் கழித்தவருக்கோ, மறுத்த பிறகும் தண்டனை வராத, தன் கோப்பில் ஒரு வரிகூட ஏறாத இடம் ஒன்று இருக்க முடியும் என்பதே நம்பத்தகாததாக இருக்கிறது. ஆகையால் முதல் நாளில் சிலர் சோதித்துப் பார்ப்பார்கள். எல்லாச் சுற்றிலும் ‘பாஸ்’ என்பார்கள். அனுபவமுள்ள வழிநடத்துநர் அதற்காக முகம் சுளிப்பதுமில்லை, பிறகு அவர் பேசும்போது தனியாகப் பாராட்டுவதுமில்லை. அந்த மறுப்பு மெய்யாகவே மதிக்கப்படுகிறது என்று தெரிந்த பின்பு, பெரும்பாலானோர் தாமாகப் பேசத் தொடங்குகிறார்கள். இதில் ஓர் ஆழமான காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வன்முறையின் பல வடிவங்கள், இன்னொருவர் சொல்லும் ‘வேண்டாம்’ என்பதை ஏற்க முடியாமையிலிருந்து பிறக்கின்றன. மனைவியின் மறுப்பு, கடன் கொடுத்தவரின் மறுப்பு, வழிவிடாத ஓட்டுநரின் மறுப்பு என்று ஒவ்வொரு வழக்கின் பின்னாலும் அப்படியொன்று இருக்கக் காணலாம். தன்னுடைய ‘வேண்டாம்’ என்றைக்குமே மதிக்கப்படாதவரிடம், பிறருடையதை மதி என்று சொன்னால் அது அறிவுரையாகக் காதில் விழுமே தவிர, அனுபவமாக உள்ளே இறங்காது. எனவே, கட்டாயப்படுத்தி அழைத்துவந்து இதைக் கற்பிக்கலாம் என்று யாரேனும் சொல்லும்போது, சொல்வதும் செய்வதும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்றே எனக்குப் படுகிறது.

பயிற்சிகளில் எனக்குப் பிடித்தது உடைந்த சதுரங்கள். ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். வெட்டிய அட்டைத் துண்டுகள் கலந்து பிரித்துக் கொடுக்கப்படும். ஐந்து பேர் முன்னாலும் ஒரே அளவிலான ஐந்து சதுரங்கள் உருவாக வேண்டும். பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, அடுத்தவரிடமிருந்து எடுக்கவோ கேட்கவோ கூடாது. தன்னிடம் இருப்பதைக் கொடுக்க மட்டும் செய்யலாம். சிக்கல் எங்கே என்றால், துண்டுகளைத் தவறான சேர்க்கையிலும் ஒரு முழுச் சதுரமாக அமைத்துவிட முடியும். அப்படி அமைத்தவர் தன் வேலை முடிந்தது என்று கைகட்டிச் சாய்ந்துகொள்வார். மற்ற நால்வரும் எவ்வளவு முயன்றாலும் அவர்களுடையது முடியாது, ஏனெனில் அவர்களுக்கு வேண்டிய துண்டு அவருடைய முழுமைக்குள் அடைபட்டிருக்கிறது. தான் கட்டி முடித்ததைத் தானே கலைத்துக் கொடுத்தால் ஒழிய ஐந்தும் அமையாது.

பயிற்சி முடிந்து பேசும்போது கேட்கப்படும் கேள்விகள் எளியவை: என்ன நடந்தது, எப்போது எரிச்சல் வந்தது, எதைச் செய்ததும் நிலைமை நகர்ந்தது. விளக்கம் சொல்லும் ஆசையை வழிநடத்துநர் அடக்கிக்கொள்ள வேண்டும். கைகட்டி இருந்தவரே, ‘வீட்டிலும் நான் இப்படித்தான் இருந்தேன்’ என்று சொல்லும் வாய்ப்பு இருக்கிறது; சொல்லாமலே போகும் வாய்ப்பும் இருக்கிறது. நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் இரண்டுக்கும் இடமில்லாமல் போய்விடும். கல்வித் துறையிலிருந்து வரும் தன்னார்வலர்களுக்கு இதுதான் மிகக் கடினம். பாடம் நடத்தியே பழகிய நாக்கு சும்மா இருப்பதில்லை.

பாத்திரமேற்று நடிக்கும் பயிற்சி, இணையாக அமர்ந்து ஒருவர் பேச மற்றவர் மௌனமாகக் கேட்கும் பயிற்சி, இடையிடையே எழுந்து விளையாடும் சிரிப்பு விளையாட்டுகள் ஆகியவற்றைப் பற்றி எழுதப் புகுந்தால் நீளும். ஒன்றை மட்டும் விட முடியாது. வன்முறையின்றித் தீர்த்த ஒரு மோதலைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்ல வேண்டிய அமர்வு அடிப்படைப் படியிலேயே உண்டு. ‘எனக்கு அப்படி எதுவும் இல்லை’ என்று பலர் தொடங்குவார்கள். சற்றுப் பொறுத்தால், சண்டையிட்ட இரு தம்பிகளைப் பிரித்தது, வரிசையில் முந்தியவரிடம் சிரித்துப் பேசி விட்டுக்கொடுத்தது, கையில் கல்லை எடுத்த பின்பு கீழே போட்டது என்று ஏதாவது வரும். இத்திட்டத்தின் மையக் கருத்து உருமாற்றும் ஆற்றல் எனப்படுகிறது. தன்மதிப்பு, பிறர்மேல் அக்கறை, நல்லதையே எதிர்பார்த்தல், செயல்படுமுன் சிந்தித்தல், வன்முறையற்ற வழியைத் தேடுதல் ஆகிய ஐந்தும் சேரும் இடத்தில் அது இயங்குவதாகச் சொல்வார்கள். பெயர் சற்று ஆன்மிகமாக ஒலிப்பதால் எனக்கு அதில் தொடக்கத்தில் ஒட்டுதல் இல்லை. ஆனால் மேற்சொன்ன அமர்வுக்குப் பிறகு அது புறத்திலிருந்து கொண்டுவந்து தரும் பொருளன்று, அவரவர் ஏற்கெனவே ஒருமுறையேனும் செய்து பார்த்தது என்பது வட்டத்தில் அமர்ந்திருக்கும் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது.

மூன்றாம் படியை முடித்த சிறைவாசிகள் வழிநடத்துநர்கள் ஆகிறார்கள். வெளியிலிருந்து வருபவருக்கு உதவியாளராக அல்ல, அதே குழுவில் சம உறுப்பினராக. எந்தப் பயிற்சி எந்த நேரத்தில் என்பதை அவர்களும் சேர்ந்தே முடிவுசெய்வார்கள்; ஒவ்வொரு நாள் முடிவிலும் வெளியார் நடத்திய விதத்தையும் அவர்கள் விமர்சிப்பார்கள். அவர்கள் பேச்சுக்குக் கிடைக்கும் செவி எங்களுக்குக் கிடைப்பதில்லை. மாலையில் நான் வாயிலைத் தாண்டிப் போய்விடுகிறேன். அவரோ அதே பிளாக்குக்குத் திரும்பி, அதே கும்பலின் நடுவே, பகலில் சொன்னதை இரவில் வாழ்ந்து காட்ட வேண்டியிருக்கிறது. யாரேனும் சீண்டும்போது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தன்னார்வம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் வெளியாரையே நினைக்கிறது. ஊதியமும் தண்டனைக் குறைப்பும் இல்லாமல் இந்தச் சுமையை ஏற்கும் உள்ளிருப்பவர்தான் பெரிய தன்னார்வலர்.

இனி, சான்றிதழ் விவகாரம். பயிலரங்கை முடித்தவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். பரோல் வழங்கும் குழுக்கள் சில இடங்களில் அதைக் கவனத்தில் கொள்வதுண்டு. அதற்காகத்தானே வருகிறார்கள் என்று ஏளனமாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரட்டும் என்றே நான் சொல்வேன். சான்றிதழுக்காக வருபவர், பொழுதுபோக்குக்காக வருபவர், பூட்டிய அறையை விட்டு மூன்று நாட்கள் வெளியே இருக்கலாம் என்று வருபவர் எல்லோருமே தாமாகத்தான் வருகிறார்கள். எந்த நோக்கத்தோடு கதவைத் திறந்தார் என்பது முக்கியமில்லை, திறந்தது அவர் கை என்பது போதும். இதற்கு மாறாக, நீதிமன்றமோ சிறை நிர்வாகமோ ‘இதை முடித்தால்தான் இன்னது’ என்று ஆணையிடும் நிலை வரும்போது, வட்டத்தின் தன்மை மாறிவிடுகிறது. ‘பாஸ்’ என்று சொல்வதற்கு விலை ஏறுகிறது. வழிநடத்துநர் கையில் வருகைப் பதிவேடு ஓர் ஆயுதமாகிறது. எண்ணிக்கையைப் பெருக்கும் ஆர்வத்தில் இதை ஏற்றுக்கொள்ளத் துடிக்கும் நண்பர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

மாறுகிறார்களா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். பங்கேற்றவர்களைப் பங்கேற்காதவர்களோடு ஒப்பிட்டு, மோதல்கள் குறைந்தன, மீண்டும் சிறை வருவது குறைந்தது என்று காட்டினால் கேட்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் தாமாக வருபவர்கள், வராதவர்களைவிட ஏற்கெனவே மாற விரும்பியவர்களாக இருக்கலாம். அப்படியானால் வேறுபாட்டுக்குப் பயிலரங்கு காரணமா, முன்பே இருந்த விருப்பம் காரணமா என்று பிரிக்க இயலாது. நான் இவ்வளவு நேரம் போற்றிய அதே விதிதான் அளவீட்டைச் சிக்கலாக்குகிறது. பெயர் கொடுத்துக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களை ஒப்பீட்டுக்கு எடுப்பது நேர்மையான வழி. இரு தரப்பும் விருப்பம் உள்ளவர்களே என்பதால் அந்தக் குறை பெருமளவு நீங்கும். அதற்குப் பொறுமையும் நிர்வாகத்தின் ஒத்துழைப்பும் வேண்டும். அது கிடைக்காத இடங்களில் பெரிய உரிமை கொண்டாடாமல் இருப்பது நல்லது.

ஊர் திரும்புவோர் பக்கம் பார்வையைத் திருப்பினால் தேவை எவ்வளவு அவசரமானது என்பதை எண்களே சொல்கின்றன. அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பணியகம், 2005-இல் 30 மாநிலங்களின் சிறைகளிலிருந்து விடுதலையான ஏறத்தாழ நான்கு லட்சம் பேரை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தது. முதல் ஆண்டுக்குள் 44 விழுக்காட்டினரும், மூன்று ஆண்டுகளுக்குள் 68 விழுக்காட்டினரும், ஒன்பது ஆண்டுகளுக்குள் 83 விழுக்காட்டினரும் மீண்டும் கைதுசெய்யப்பட்டனர். கைது எல்லாமே வன்முறைக் குற்றத்துக்காக அல்ல. கைதானவர் எல்லோரும் தண்டிக்கப்படுவதும் இல்லை. ஆயினும் முதல் ஆண்டின் எடை தெளிவாகத் தெரிகிறது. விடுதலையான ஒருவருக்கு உறைவிடம், வேலை, அடையாள ஆவணங்கள், கண்காணிப்பு அதிகாரியிடம் தவறாமல் முகம் காட்டுவது ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் கழுத்தை நெரிப்பது அந்த முதல் மாதங்களில்தான். மூன்று நாட்கள் வட்டத்தில் வந்து உட்கார் என்று அவரிடம் கேட்பது எளிதல்ல. ஒரு நாள் கூலியை இழந்து வருபவரின் தியாகத்தோடு ஒப்பிட்டால் எங்களுடையது ஒன்றுமேயில்லை. வாரம் ஒரு மாலை என்று பிரித்து நடத்தும் இடங்கள் உண்டு. மூன்று நாள் தொடர்ச்சியில் உருவாகும் நம்பிக்கை அதில் பாதிதான் உருவாகிறது. என்றாலும் நடக்காத முழுமையைவிட நடக்கும் பாதி மேல் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

திரும்புகிறவரை மட்டும் தயார்செய்தால் போதாது, அவரை ஏற்க வேண்டிய ஊரும் தயாராக வேண்டும் என்பதற்கு ருவாண்டாவைவிடக் கடினமான எடுத்துக்காட்டு இல்லை. 1994-இன் இனப்படுகொலையில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டனர். அதன் பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணைக்காகச் சிறைகளில் அடைபட்டுக் கிடந்தனர். 2003-இல் அவர்களில் பல்லாயிரம் பேர் தற்காலிகமாக விடுவிக்கப்பட்டபோது, அவர்கள் திரும்பியது தாங்கள் யாருடைய உறவினரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார்களோ அவர்கள் வாழும் அதே மலைக்கிராமங்களுக்குத்தான். அங்கே ஏ.வி.பி.யின் வழிமுறைகளோடு மனக்காயம் ஆற்றும் முறைகளையும் சேர்த்து உருவான பயிலரங்குகள், உயிர்தப்பியவர்களையும் விடுதலையானவர்களையும் ஒரே அறையில் அமர்த்தின. அந்த அறைக்குள் கணவனை இழந்த ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தி அழைத்துவருவதை எண்ணிப் பாருங்கள். தன் விருப்பம் என்ற விதி ஏன் தளர்த்தக் கூடாதது என்பதற்கு வேறு வாதமே தேவையில்லை.

இந்த முயற்சியில் எனக்கு இன்றும் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. உள்ளே பல ஆண்டுகள் வழிநடத்துநராக இருந்து, எங்களில் எவரையும்விட நன்றாக நடத்தக் கற்றவர் விடுதலையானவுடன், பெரும்பாலும் இந்த வேலையிலிருந்தே வெட்டுப்பட்டுப் போகிறார். குற்றப் பின்னணி உள்ளவரைத் தன்னார்வலராக உள்ளே விட நிர்வாகங்கள் தயங்குகின்றன. அனுமதி கிடைக்கச் சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. தண்டனை பெற்ற மற்றவர்களோடு பழகக் கூடாது என்ற பரோல் நிபந்தனை இருக்குமானால், விடுதலையானவர்களுக்காக வெளியில் நடக்கும் பயிலரங்குக்குக்கூட அவர் வர முடியாது. பாதுகாப்புக் காரணங்கள் உண்மையானவையே. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் கண்காணிப்பு அதிகாரியின் எழுத்துமூல அனுமதியோடு, பெயர் பதிவுசெய்யப்பட்ட பயிலரங்குகளுக்கு மட்டும் விலக்கு அளிப்பது ஒன்றும் பெரிய சட்டத் திருத்தமல்ல. அப்படி அனுமதிக்கப்பட்ட ஒருவர் வட்டத்தில் இருக்கும்போது, புதிதாக வெளிவந்தவர்கள் அவரிடம் கேட்கும் கேள்விகளே வேறு: முதல் மாதம் எங்கே தூங்கினாய், பழைய கூட்டாளி கூப்பிட்டபோது என்ன சொன்னாய், பிள்ளை முகம் கொடுத்துப் பேச எத்தனை நாள் ஆயிற்று. இவற்றுக்கு எங்களிடம் விடை கிடையாது.

படிப்பவர்களில் யாரேனும் சேர விரும்பினால் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. சமூகப்பணியில் பட்டமோ, உளவியலில் ஆய்வோ, எந்தத் தகுதி இருந்தாலும் நேராக வழிநடத்துநர் ஆகிவிட முடியாது. அடிப்படைப் படியில் மற்றவர்களைப் போலவே பங்கேற்பாளராக அமர வேண்டும். அடைமொழி சூட்டிக்கொள்ள வேண்டும். வன்முறையின்றித் தீர்த்த மோதலையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு மேல்நிலை, அதன் பிறகு பயிற்சி, பிறகும் அனுபவமுள்ள குழுவோடு சேர்ந்து கற்றுக்கொள்ளும் காலம். சிறைக்குள் நுழையத் தனி அனுமதி வேண்டும், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கலாம். ஆகவே காத்திருக்கும் நாட்களில் வெளியில் நடக்கும் அடிப்படைப் பயிலரங்கு ஒன்றில் பெயர் கொடுத்துவிடுங்கள்.